துள்ளாத மூளை

பேராசிரியர் மாவின் மனைவியுடைய மூளை, தன் பெயரைக் கேட்டும் அசையவே இல்லை.

கணினித் திரையில் கோடு சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது. தென்கொரியாவின் தேஜோன் நகரத்து ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தன் பெயரைக் கேட்டால் மூளை துள்ளும்; ஆளுக்கு ஆள் கூடும், குறையும், ஆனால் துள்ளாத மூளையே கிடையாது. மா மேடைக்கு மேடை முழங்கிய சித்தாந்தம் இதுதான். கட்டுரை நாளைக்குப் போயாக வேண்டும். சோதனைக்கு வரவேண்டிய கடைசி ஆள் வராததால், அவசரத்துக்கு மனைவியைக் கூட்டி வந்திருந்தார். கூட்டி வந்த இடத்தில் மானம் போனது.

"வீட்லயும் இப்படித்தாம்மா," என்றார் மாணவி சுல்ஹீயிடம். "தாஓன் அம்மா, தாஓன் அம்மான்னு நான் தொண்டை கிழியக் கத்தணும். காது இருக்கு, கவனம் இல்ல."

தாஓன், சியோலில் வேலை பார்க்கும் மகள்.

மாணவர்கள் சிரித்தார்கள். மாவும் சிரித்துவைத்தார்.

சுல்ஹீ தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னாள். ஒலிப்பதிவில் பெயரைச் சொல்வது யாரோ ஒரு பெண். பழகிய குரலாக இருந்தால் பலன் தெரியலாம். சாரே சொல்லிப் பார்க்கலாமே.

மா மைக் முன்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். 'யோங்ரன்' என்ற பெயர் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது. இரண்டு தடவை சொதப்பிய பிறகுதான் ஒழுங்காக வந்தது. பெண்டாட்டி பெயரைச் சொல்ல இந்த வயதில் இவ்வளவு கூச்சமா என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

அடைத்த அறைக்குள் இருந்த மனைவியின் காதுக்கு அந்தக் குரல் போனது. கோடு எகிறித் திரையின் விளிம்பைத் தொட்டது. இதுவரை எந்த மூளையும் இப்படித் துள்ளியதில்லை என்றாள் சுல்ஹீ.

மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தன் குரலுக்கு இவ்வளவு மவுசா? சாயங்காலம் எல்லோருக்கும் பன்றிக்கறி விருந்து என்று அறிவித்தார். அன்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு பத்தி சேர்க்கலாமா என்றுகூட யோசித்தார்.

கதவு திறந்தது. தலையிலிருந்த ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெளுத்த முகத்தோடு அவள் வந்தாள்.

"என்ன தாஓன் அம்மா, என் குரல்னா அவ்வளவு உசிரா?" என்று மா குழைந்தார்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாஓனுக்கு என்ன ஆச்சு? மறைக்காம சொல்லுங்க."

"அவளுக்கு ஒண்ணுமில்லையே. எதுக்குக் கேக்குற?"

"பின்ன எதுக்கு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க? கடைசியா நீங்க என் பேரைச் சொன்னது, எங்கப்பா செத்த சேதியைச் சொல்லத்தானே?"