ஆளுக்கேற்ற கயாக்

"ஆளோட எடை எவ்வளவுக்கா?" என்று கேட்டான் விற்பனையாளன்.

வந்தவள் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "தொண்ணூத்தெட்டு."

அவனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மீன்பிடிக்க கயாக் என்னும் ஒற்றையாள் துடுப்புப் படகு வாங்க வருகிறவர்கள் நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். எடையைக் கேட்டால் மட்டும் வயிற்றை எக்கிக்கொண்டு பத்து கிலோவை விழுங்கிவிடுவார்கள். கையில் காகிதத்தோடு வந்தவள் இவள்தான் முதல்.

"வீட்டுக்காரருக்கா? சொல்லாம கொள்ளாம வாங்கிட்டுப் போய் அசத்தப் போறீங்களா?"

"நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது" என்றாள்.

"அது போதும்க்கா, மீதியை என்கிட்ட விட்டுடுங்க. ஏரியா, கடலா?"

"ஏரி."

"அப்ப அகலமாப் பார்க்கணும். ஒடுக்கமா இருந்தா வேகமாப் போகும், ஆனா மீனைத் தூக்கச் சாயறப்ப ஆட்டம் காட்டும். சாயறதுதானே இதுல வேலையே!"

அவள் அகலமானவற்றின் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கடைசி வரிசைக்குப் போய், ஒரு சிவப்பு கயாக்கின் இருக்கையில் கை வைத்தாள். "இது அவருக்கு ஆகுமா?"

"ஐயோ, அது வேண்டாம்க்கா."

"நூத்தி இருபத்தஞ்சு கிலோன்னு ஒட்டியிருக்கே?"

"அது மொத்தச் சுமை. தூண்டில், நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து. ஆள் மட்டும்னா எண்பத்தஞ்சைத் தாண்டக் கூடாது. தொண்ணூத்தெட்டு கிலோ உக்காந்தா, தண்ணி வடியறதுக்கு அடியில விட்டிருக்கிற துளை வழியாவே தண்ணி மேல வந்துரும். பெரிய மீன் ஒண்ணு இழுத்து, இவரும் அந்தப் பக்கமே சாஞ்சார்னா, அப்படியே கவுந்துரும்."

"லைஃப் ஜாக்கெட்?"

"அதுவும் எடை கேட்டுத்தான் கொடுப்போம். சின்னதாப் போனா கொக்கி மாட்டாது. மூச்சு முட்டுதுன்னு கழட்டி வச்சுருவாங்க."

"காலடியில வச்சிருந்தாராம்."

அவள் காகிதத்தைப் பிரித்து, சிவப்பு இருக்கையின் மேல் வைத்தாள். பிரேதப் பரிசோதனை அறிக்கை. தேதி, போன மாதம்.

"இதே சிவப்பு. இங்கேருந்துதான் வீட்டுக்கு வந்தது" என்றாள்.

அவன் மேசைக்கு நடந்தான். ஆர்டர் கோப்பைப் புரட்டினான். தெரிந்தே இதைக் கொடுத்தேனா? எந்த அவசரத்தில் கேட்காமல் விட்டேன்?

தாள் கிடைத்தது. போனில் வந்த ஆர்டர். அவனுடைய கையெழுத்தில்தான் எழுதியிருந்தது: எடை 84.

அப்பாடா என்று மூச்சு வந்தது. வந்த மறுநொடியே அதற்காக வெட்கப்பட்டான்.

"எடையைக் கேக்கலைன்னு சொல்லிடு தம்பி" என்றாள் அவள். பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை. போலீஸ், கோர்ட்டு எங்கயும் போக மாட்டேன். நான் கேட்டுட்டுப் போனாப் போதும்."

அவள் கேட்ட விதத்தைப் பார்த்தால், அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் இனி இருக்கிற நாட்களை ஓட்ட வேண்டும் போலிருந்தது. கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தான். ஆனால் தாளை அவள் பார்த்துவிட்டாள்.

"கேட்டேன்க்கா. ரெண்டு தடவை கேட்டேன். 'இரு தம்பி'ன்னு போனைக் கீழ வச்சுட்டுப் போய், மெஷின்ல ஏறிப் பார்த்துட்டு வந்துதான் சொன்னார். போன வாரத்துக்கு ஒரு கிலோ குறைஞ்சிருக்கேன்னு ஒரே சிரிப்பு. பெல்ட்டுதான் இன்னும் நம்ப மாட்டேங்குதுன்னார்."

"சிரிச்சாரா?"

"சத்தமா சிரிச்சார்க்கா."

அவள் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இந்த எடையோட இருந்தா இருதயம் தாங்காதுன்னு டாக்டர் சொன்னதுலேருந்து மனுஷன் சுவத்தைப் பார்த்துப் படுத்தவர்தான். பட்டினி கிடந்து பார்த்தார், நடந்து பார்த்தார், அரைக் கிலோ இறங்கலை. பேச்சே நின்னுபோச்சு. அப்புறம் ஒருநாள் மெஷின் ஒரு கிலோ கம்மியாக் காட்டிச்சு. அன்னிக்குத்தான் எழுந்து குளிச்சார். வாரம் ஒரு கிலோ. எதுக்குமே ஆசைப்படாதவர், மீன்பிடிக்கப் போகணும்னு ஆசைப்பட்டார்."

கடைக்கு வெளியே யாரோ வண்டியின் மேல் ஒரு மஞ்சள் கயாக்கை ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள். பலமா இழு, பலமா இழு என்று குரல் கேட்டது.

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. "அவர் பொய் சொல்லலைக்கா. நானும் தப்பா எழுதலை. யாரைக் குத்தம் சொல்ல முடியும்? உங்க வீட்டு மெஷின் கெட்டுப்போயிருந்திருக்கு, அவ்வளவுதான்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"வாரா வாரம் முள்ளைத் திருகி வச்சது நான்தான் தம்பி."