ஜெபக்கனி கேட்டது

“ஒம் பொண்டாட்டிக்குச் சுதந்திரம் வேணுமாம்ல. நேத்து அவ அப்பன்கிட்ட போன்ல பேசுனத ஏங் காதால கேட்டேன். ‘இனியும் விட்டுக்குடுக்க மாட்டேன், நாளைக்கே வந்து வாங்கிக்கிடுதேன்’னா” என்றாள் வெள்ளத்தாய், மகன் விஜயபாண்டியிடம்.

ஜெபக்கனி விடிந்ததுமே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சொல்லாமல் போவது இதுதான் முதல் தடவை.

ராஜபாளையத்திலிருந்து பைக்கில் வந்தவன், மாமனார் ஞானசிகாமணியைத் தேவாலய வாசலில் பிடித்தான்.

“அத்துவிடச் சொல்லுதாளா மாமா?”

“என்ன பேச்சு மாப்ளே இது?”

“சுதந்திரம் கேட்டாளாமே.”

“அது சுதந்தரம் மாப்ளே. எங்க வேதத்துல தகப்பன் சொத்துக்கு அதான் பேரு.”

“சொத்தா? நீங்களே வாடகை வீட்டுலதான இருக்கீய?”

“நான் சொன்னது மேல இருக்க தகப்பன மாப்ளே” என்று அவர் உள்ளே கை காட்டினார். பீடத்தின் முன் முழங்காலிட்டு, திருவிருந்து அப்பத்துக்காக இரு கைகளையும் ஏந்தியிருந்தாள் ஜெபக்கனி.

“வேற மதத்துல உங்களக் கட்டுனதோட இந்தப் பந்தியில தனக்குப் பங்கு போச்சுன்னே நெனச்சிருந்தா. போகலம்மான்னு போன வாரந்தான் போதகர் சொன்னாரு.”

வெளியே வந்தவள் கணவனைக் கண்டு அப்படியே நின்றாள்.

“கேட்டா விடமாட்டியளோன்னுதான்...”

கூமாப்பட்டியில் அப்பாவின் நிலத்துக்காகப் பங்காளிகளோடு இன்னமும் கோர்ட்டுக்கு அலைகிறவன் அவன்.

“தகப்பன் சொத்த வாங்க யாருகிட்டயாச்சும் உத்தரவு கேப்பாங்களாட்டி?” என்றபடி பைக்கைத் திருப்பினான். “ஏறு. அடுத்த வாரம் பஸ்ல வராத. நானே கொண்டாந்து விடுதேன்.”