பிள்ளைக்காசு

“இது ஆருடைய பிள்ளை? அதைத்தான் கேக்கிறன்” என்றார் கிளாக்கர் தர்மராசா.

வேலாயி தரையைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்து லயக்காம்பிராவில் குடியிருக்கும் பாக்கியலெட்சுமியின் தோளில், கம்பளித் துண்டுக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“என்னுது இல்லைங்க ஐயா.”

மேசைக்கடியில் தர்மராசாவின் கால் தானாக ஆடத் தொடங்கியது. காலையிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சர்க்கார் சட்டப்படி தேயிலைத் தோட்டம் கொடுக்க வேண்டிய பிள்ளைக்காசு இது. பாதியை முன்னாலேயே கொடுத்துவிட்டு, மீதியைப் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டிய பிறகு கொடுப்பது இந்தத் தோட்டத்து வழக்கம். போன மாதம் மேல் டிவிசனில் ஒருத்தி இரவல் பிள்ளையைக் காட்டிக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். விஷயம் தோட்டத்துத் துரையின் காதுக்கு எட்டியதும், பழைய கிளாக்கர் வேலை பறிபோய்ப் பெட்டி படுக்கையோடு பசறை பஸ் ஏறினார். அவருடைய நாற்காலியில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தர்மராசா இப்போது உட்கார்ந்திருக்கிறார். அதன் சூடு இன்னும் ஆறவில்லை.

இனிமேல் தாய் தன் வாயால் ‘என் பிள்ளை’ என்று சொன்னால்தான் காசு. இது துரையின் புது உத்தரவு.

எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மலையைச் சுற்றிப் பார்க்கப் போன துரையின் மோட்டார் சைக்கிள் எந்த நிமிடமும் வந்துவிடும். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“உன்ர பிள்ளை இல்லையெண்டால், பிறகேன் இஞ்ச வந்தனி?”

பழைய ஐயா எதுவும் கேட்க மாட்டாராம். பிள்ளையைப் பார்ப்பாராம், கைநாட்டு வாங்கிக்கொள்வாராம். அந்த நம்பிக்கையில்தான் வந்தாளாம். புருஷன் அழகையா காய்ச்சலில் விழுந்து காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கே போகவில்லை, அடுப்புப் பற்றவைக்க வழியில்லை என்பதையும் முணுமுணுப்பாகச் சொல்லி முடித்தாள் வேலாயி.

காசு மேசை மேல் தயாராக இருந்தது. அதை அவள் பார்த்த பார்வையைத் தர்மராசாவால் தாங்க முடியவில்லை. ஒரு பொய்யையாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று அவருக்கே தோன்றியது. இரவல் பிள்ளையோடு வருகிறவள் வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போவாள். இவளோ வந்தும் நிற்கிறாள், சொல்லவும் மாட்டேன் என்கிறாள். அந்தப் பிள்ளையின் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. இப்படி ஒரு திருட்டை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

“பாக்கியலெட்சுமி, நீ சொல்லு.”

“எம்புள்ளதாங்க ஐயா” என்றாள் அவள், பாதி நரைத்த தலையோடு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பேரப்பிள்ளையை இரவல் கொடுத்திருக்கிறாள் கிழவி என்று தர்மராசா முடிவு கட்டினார்.

“அப்ப, வேலாயி, நீ பெத்தது எங்க?”

“எனக்குப் புள்ளைங்க தங்குறதில்லைங்க ஐயா.”

அவருக்கு விளங்கிவிட்டது. பெற்றது போய்விட்டது; பசிக் கொடுமை இவளை இங்கே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. மனசு இளகத்தான் செய்தது. ஆனால் இரக்கம் பார்த்தால் நாளைக்கு அவருக்கும் பசறை பஸ்தான். காசை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

“துரை வாறதுக்கு முதல் ரெண்டு பேரும் போங்கோ.”

போனார்கள். தர்மராசா பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். செய்தது சரிதான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை.

வெளியே, வாசற்படி இறங்கும்போது குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது. பாக்கியலெட்சுமி ஆட்டிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். அழுகை அடங்கவில்லை. வேலாயி ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்று, இரண்டு கைகளாலும் மாரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தாள். மழை இல்லாத நாளில் அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் மட்டும் நனைந்திருந்ததை ஜன்னல் வழியாகத் தர்மராசா பார்த்தார்.

செருப்பைக்கூடப் போடாமல் வெளியே வந்தார்.

“பாக்கியலெட்சுமி, இப்பவாவது உண்மையைச் சொல்லு. இதைப் பெத்தவள் ஆர்?”

கிழவி, வேலாயியைத் தண்ணீர்ப் பீலிப் பக்கம் போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“பெத்தவ அவதாங்க. முன்ன பெத்ததெல்லாம் நடை பழகுறதுக்குள்ள போயிருச்சு. அதான், இதாவது தங்கட்டும்னு, பொறந்த அன்னிக்கே ஒரு படி தவிட்டுக்கு எனக்கு வித்துட்டா. வித்த புள்ளைய வாய் தவறி எம்புள்ளன்னு சொன்னா, இதுவும் தங்காதுங்களே. பால் குடுக்கிறதுன்னாகூட, ‘அக்கா, ஒங்க புள்ளைக்கிக் கொஞ்சம் குடுக்கவா’ன்னு எங்கிட்டக் கேட்டுத்தான் குடுக்கிறா.”

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கிய துரைக்குக் கொழுந்தின் தரம் தெரியும், கிள்ளுகிறவர்களின் முகம் தெரியாது. இவளா பிள்ளைக்காசுக்காரி, தன் வாயால் சொன்னாளா என்று பீலியடியில் நின்றவளைக் காட்டிக் கேட்டார்.

தர்மராசாவுக்கு ஒரு கணம் பசறை பஸ் நினைவுக்கு வந்தது.

“அவள் பிறவி ஊமை, சேர்” என்று சொல்லிவிட்டு, கைநாட்டுக்கு மைப்பெட்டி எடுக்க உள்ளே போனார்.