கம்பெனிச் சேலை

என் அம்மா மூக்கம்மாளைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு, கையில் தண்ணி ஜக்கைக் கொடுத்து, மூன்று பந்திக்கு ஊற்ற வைத்து, பசியோடு அனுப்பிவிட்டார்கள்.

காரணம், அவள் கட்டியிருந்த சேலை.

கல்யாணம் என் கிளாஸ்மேட் அக்ஷராவுக்கு, பல்லடத்தில். அவள் அப்பாவின் பனியன் கம்பெனியில்தான் அம்மாவுக்குப் பத்து வருடமாக, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. தீபாவளிக்குக் கம்பெனிப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி மாம்பழக் கலர் சேலை கொடுத்தார்கள். அதையே கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். முதலாளி வீட்டு விசேஷத்துக்கு முதலாளி எடுத்துக் கொடுத்த சேலை. அதுதான் மரியாதை என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

அந்தச் சேலையில் இருபது மிச்சமாம். பரிமாற வந்த பெண்களுக்குக் கொடுத்து யூனிபார்ம் ஆக்கிவிட்டார்கள்.

நானும் அங்கேதான் இருந்தேன். தோழி மோனிஷாவிடம் இரவல் வாங்கிய லெஹங்காவில், கிளாஸ் பெண்களோடு, போனும் கையுமாக முதல் பந்தியில். ஷிப்மென்ட் அவசரம், வர முடியாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கடைசி நேரத்தில் அரை நாள் பர்மிஷன் கிடைத்து வந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் பக்கத்து வீட்டு சித்ரகலா அக்கா சொல்லித்தான் விஷயமே தெரிந்தது. அவரும் அதே செக்கிங்தான். சொந்தப் பட்டுச்சேலையில் போனதால் தப்பித்தார். அம்மா மூன்றாவது பந்தி முடிந்ததும், பர்மிஷன் நேரமாச்சு என்று சாப்பிடாமலே கம்பெனிக்கு ஓடியிருக்கிறாள்.

"விடு தாயி" என்று பத்துத் தடவை சொன்னாள் அம்மா. விடுவேனா? கையைப் பிடித்து, நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கும் முதலாளி வீட்டுக்கே இழுத்துப்போனேன்.

அக்ஷராவின் அம்மா சாரதாமணி, வா கண்ணு என்று காபி போட எழுந்தார். காபி வேண்டாம், பதில் வேண்டும் என்றேன். இரவல் துணியில் வந்த எனக்கு வாசலில் பன்னீர், சொந்தச் சேலையில் வந்தவளுக்கு ஜக்கா? சேலைக்கு மேலே முகம் என்று ஒன்று இருந்ததே, அதை அங்கே ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையா?

அவர் வாதாடவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதுங்க மூக்கம்மா. பரிமாற வந்தவங்களுக்கும் அதே சேலையைக் குடுத்தது என் தப்புதானுங்க."

எனக்கு அது போதவில்லை. ஜக்கைக் கொடுத்தது யாரோ, அவர் வந்து நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நின்றேன்.

பந்தியைக் கவனித்துக்கொண்ட சுப்பண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார் சாரதாமணி.

"நான் குடுக்கலீங்க. நான் பாக்கறப்பவே அந்தம்மா ஜக்கும் கையுமா மொதப் பந்தியில ஊத்திட்டு இருந்தாங்க. நம்ம ஆளுன்னு நெனச்சு அடுத்த பந்திக்கும் போகச் சொல்லிட்டனுங்க. தப்புத்தானுங்க."

அப்படியானால் முதலில் ஊற்றச் சொன்னது யார்?

அம்மா பக்கம் திரும்பினேன். பயப்படாமல் பேரைச் சொல்லும்மா, எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கேட்காமல் விடமாட்டேன் என்றேன்.

அம்மா சாரதாமணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போயி பேசிக்கிடுவோம் தாயி."

இல்லை, இவர்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"உன்னையத் தேடித்தான் பந்திக்குள்ள வந்தேன். உன் பக்கத்துல வந்துதான் நின்னேன். நீ போனப் பாத்துக்கிட்டே, 'அக்கா, தண்ணி'ன்னு டம்ளர நீட்டுன."