கப்பலில் வேலை

"நீயே உன் கையால குடும்மா. நான் குடுத்தா, இவ்வளவுதானான்னு என் மூஞ்சியப் பார்ப்பான்" என்று மாமியார் டிப்ஸ் கவரை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

பயணத்தின் கடைசிக் காலை. பெட்டிகள் கதவோரம் நின்றன. கணவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அறையைப் பார்த்துக்கொள்ளும் பணியாள், உருவிய தலையணை உறைகளைத் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு வாசலிலேயே நின்றான்.

அவன் சட்டையில் குத்தியிருந்த பெயர், பல நாட்டு வாய்களில் நுழையட்டும் என்று கப்பலில் வெட்டிச் சுருக்கிய பெயர். வீட்டில் அவனைப் 'பெரியவன்' என்பார்கள்.

அவள் மட்டும் அண்ணா என்பாள்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, பெரியவன் கப்பலில் இருக்கிறான் என்றுதான் சொன்னாள். ஆபீசரா என்று அவர்களாகவே கேட்டார்கள். அம்மா இல்லை என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே பலகாரத் தட்டை நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

கல்யாணத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நகை மட்டும் வந்தது. புகுந்த வீட்டில் அவளுக்குப் பெயரே 'ஆபீசர் தங்கச்சி' என்றாகிவிட்டது.

கல்யாணமாகி எங்கேயும் கூட்டிப்போகவில்லையே என்று கணவனே தேடிப் பிடித்து ஏற்பாடு செய்த பயணம் இது. ஏறிய அன்றே, இஞ்சின் சத்தம் கேட்கிறது என்று சொல்லி, வேறு தளத்தில் அடுத்தடுத்து இரண்டு அறைகளாக மாற்றி வாங்கினான். புது அறையைத் திறந்துவிட வந்தவன் அண்ணன்.

அவளுக்கு உதடு பிரிந்துவிட்டது. அதற்குள் அவன் முந்திக்கொண்டான். "வாங்க மேடம்" என்றான்.

அந்த 'மேடம்' இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவன் எடுத்த முடிவு.

அதிலிருந்து அவள் விடிந்ததும் எழுந்து படுக்கையைத் தானே விரித்து வைத்தாள். குளியலறைத் தரையில் கிடந்த முடியைத் தானே பொறுக்கினாள். மாமியார் கண்டுபிடித்துத் திட்டினார். காசைக் கொட்டிக் கொடுத்துவிட்டு இங்கேயும் துடைப்பக்கட்டையைத் தூக்கினால் எப்படி என்றார்.

வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்காத கணவன், கப்பலில் மணியை அடித்துக்கொண்டே இருந்தான். தலையணை தட்டையாக இருக்கிறது. ஐஸ் கரைந்துவிட்டது. செருப்பில் உப்புத்தண்ணீர் பட்டுவிட்டது. காப்பி கம்பளத்தில் கொட்டியபோது அண்ணன் மண்டியிட்டுத் துடைத்தான். அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். விடுமுறைக்கு வந்த மனிதர், அனுபவிக்கிறார் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் அண்ணன் துண்டை மடித்து யானை செய்து கட்டிலில் வைத்திருந்தான். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. யானைக்குப் பக்கத்தில் அவனையும் நிற்கவைத்துப் படம் பிடித்துச் சம்பந்தியம்மாவுக்கு அனுப்பினார். உங்கள் பிள்ளை மாதிரி பெரிய வேலை இல்லாவிட்டாலும் இந்தப் பையனுக்கு நல்ல கைவேலை என்று எழுதியும் போட்டார்.

அம்மாவிடமிருந்து பதிலுக்கு இரண்டு கைகள் கூப்பிய படம் மட்டும் வந்தது.

அறைகளுக்கு வெளியே நடைவழியில் ஒரே ஒருமுறை அண்ணனைத் தனியாகப் பார்த்தாள். உடம்பு இளைத்திருக்கிறாயே, சாப்பிடுகிறாயா என்று கேட்டான். அவளுக்குக் கண் நிறைந்ததும் பயந்துவிட்டான். பயணி அழுதால் மேலே இருப்பவர்கள் காரணம் கேட்பார்கள், அது தன் வேலைக்குத்தான் வினையாக முடியும், முகத்தைத் துடைத்துக்கொள் என்றான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது அவள் கவரை நீட்டினாள்.

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். எல்லா அறை வாசலிலும் குனிகிற அளவுக்குக் குனிந்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நன்றி மேடம் என்றான். கவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வண்டியின் ஓரத்தில் செருகிக்கொண்டு அடுத்த அறைக்கு நகர்ந்தான்.

அவன் விரல் தன் விரலில் பட்டுவிடக்கூடாது என்று தான் கவனமாக இருந்தது அவளுக்கு அதற்கப்புறம்தான் உறைத்தது.

மாமியாருக்கு நிறைவாக இருந்தது. பையன் தங்கமானவன், பாவம், எத்தனை நாளைக்குத்தான் கக்கூஸ் கழுவுவான், உன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி ஏதாவது நல்ல இடத்தில் போடச் சொல்லேன் என்றார். சொல்லிக்கொண்டே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்டைப் பார்த்து நடந்தார்.

அறையில் அவளும் கணவனும்.

அவன் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தான். பெட்டியின் கைப்பிடியை இழுத்து நிமிர்த்தினான். கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று விசாரிக்கிற குரலில் கேட்டான்.

"உங்கண்ணனுக்கு அது போதுமா? இல்ல, கூடக் கொஞ்சம் வச்சிருக்கலாமா?"