எலும்பு லோடு

"ஏலே இருதயம், வண்டியை முதல்ல வெளிய எடுலே! வீச்சம் தாங்கல."

கத்தியவர் சுந்தரபாண்டியன். ராஜபாளையம் லாரி சங்கத்தின் தலைவர். ஈரோட்டுக்கு நூல் ஏற்றிப் போகும் இரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர்.

நூல் லோடு என்றால் அது தனி மரியாதை. மில் கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நிற்பான். சிமெண்டு ஏற்றுகிறவருக்கு அதில் பாதி கிடைக்கும். உரத்துக்கு அரைக்கிற எலும்பு மில்லுக்கு மாட்டெலும்பு ஏற்றுகிற இருதயம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் கிளாசும் கையுமாக எழுந்து போய்விடுவார்கள். அந்த எலும்பைக் கடித்துத் துப்பியதே இந்த ஊர்தான் என்பது யாருக்கும் ஞாபகம் வராது.

இருதயம் வண்டியை எடுக்கவில்லை. சங்கத்து ஷெட்டுக்குள் வந்து நின்றான்.

"வண்டியை நல்லாக் கழுவிட்டேன் அண்ணாச்சி. பினாயில் ஊத்தி, பலகையெல்லாம் தேச்சு விட்டிருக்கேன். புதுத் தார்ப்பாயும் வாங்கியாச்சு. நூல் லோடுக்கு என் பேரையும் முறையில சேருங்க."

ஷெட்டே சிரித்தது.

"அந்த வண்டில நூல் ஏத்துனா, வேட்டி நெய்து கட்டுறவன் பின்னால ஊர் நாயெல்லாம் வரும்லே" என்றான் பேச்சிமுத்து. அவன் ஏற்றுவது செங்கல். அவனுக்கும் கீழே ஒருத்தன் இருப்பதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"விளையாட்டில்ல அண்ணாச்சி" என்றான் இருதயம். "எம் பொஞ்சாதி மாதா கோயிலுக்குப் போறதையே விட்டுட்டா. அவ உக்காந்தா, பக்கத்துல இருக்கவுக முக்காட்டால மூக்கைப் பொத்திக்கிட்டுத் தள்ளிப் போறாகளாம். நான் ஏத்துற லோடுக்கு அவ என்ன பாவம் பண்ணுனா?"

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. சங்கத்தில் மூத்தவரான சீனிச்சாமி தொண்டையைச் செருமினார்.

"கேக்கதுல என்ன தப்பு, தலைவரே? கடைசிப் பேரா சேத்துக்கிடுவோமே."

சுந்தரபாண்டியனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நல்லா இருக்கே நியாயம்! எலும்பு வண்டி நிக்கிற சங்கத்துக்கு எந்த மில்காரன் நூல் குடுப்பான்? மழையில்லாம, கரண்டு இல்லாம மில்லே பாதி நாள்தான் ஓடுது. இருக்க லோடையும் கெடுத்துட்டுப் போகவா?" மேசையில் ஓங்கித் தட்டினார். "இவனுக்கு என்னய்யா குறைச்சல்? ஒருத்தனும் தொடமாட்டான்னுதான் எலும்புக்கு ஒண்ணரை மடங்கு வாடகை தாரான். அம்புட்டையும் வாங்கி முடிஞ்சுக்கிட்டு, இப்ப மரியாதையும் வேணுமாம் மரியாதை!"

இருதயம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல்லாமல் மூடிக்கொண்டான்.

"அப்ப என் வண்டியை என்னதான் செய்யச் சொல்லுதீக?"

"உன் வண்டி, உன் பாடு. ஓட்டு, வித்துத் தொலை, கெணத்துல தள்ளு. எங்களுக்கு என்னலே வந்துச்சு?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா?" என்றான் இருதயம், ஷெட்டைச் சுற்றிப் பார்த்து.

"கேட்டோம், கேட்டோம். போலே!" என்றான் பேச்சிமுத்து.

இருதயம் போனான். வயிற்றெரிச்சலோடுதான் போனான். சீனிச்சாமி மட்டும் வாசல்வரை வந்து, "மனசுல வச்சுக்கிடாதப்பா" என்றார். மனதில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வது?

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சுந்தரபாண்டியன் வீடு கலகலப்பாக இருந்தது. புதிதாக ஒரு நூல் காண்ட்ராக்ட் பேச மில் மேனேஜரே வந்திருந்தார். சங்கத்து ஆட்களும் இருந்தார்கள். தட்டில் பால்கோவா, டம்ளரில் காப்பி. "உங்க வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு லோடு குடுக்கலாம்" என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வாசலில் ஆள் வந்திருப்பதாக உள்ளேயிருந்து தகவல் வந்தது.

சுந்தரபாண்டியன் சிரித்த முகத்தோடு எழுந்தார். பின்வாசலில் இருதயத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"எங்கலே போய்த் தொலைஞ்சே? எலும்பு மில்லுல லோடு வரலைன்னு ஆள் மேல ஆள் விடுதான்!"

"இனிமே அங்க வண்டி போகாது, அண்ணாச்சி. கான்சாபுரத்துல தேங்கா லோடு பேசிட்டேன்."

"தேங்காய்க்கு வாடகை பாதிகூடத் தேறாதே, கிறுக்கா!"

"தேறாட்டா போகுது. நாளைக்கு எம் பொஞ்சாதி பூசைக்குப் போவா. அது போதும்."

சுந்தரபாண்டியன் பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ஆத்திரத்தில் உதடு துடித்தது. ஆனால் குரல் மட்டும் கிசுகிசுப்பாகவே வந்தது.

"யாரைக் கேட்டு லோடை மாத்துனே? நூல் மில்காரனுக்குத் தெரிஞ்சிறக் கூடாதேன்னு உன் பேர்ல வாங்கிப் போட்டா, வண்டி உன்னுதாயிருமா? நீ சம்பளத்துக்கு ஓட்டுற டிரைவர்லே! காசு போட்டது நான். வாடகை அம்புட்டையும் வாங்குனது நான். அது என் வண்டிலே!"

இருதயம் அவர் கையைத் தன் சட்டையிலிருந்து பதமாக எடுத்துவிட்டான்.

"இதை ஏன் அண்ணாச்சி இம்புட்டு மெதுவாச் சொல்லுதீக? முன்ரூம்ல மேனேஜர் உக்காந்திருக்காரு, அவருக்கும் கேக்கட்டும். சத்தமாச் சொல்லுங்க."