நாளைக்கு ஜுரம்

"சொல்றதக் கொஞ்சம் கேளும்மா..."

"இன்னாத்தக் கேக்கறது? பசங்க மேல நம்பிக்கைன்னு சொல்லி, சார் இல்லாமலே பரீச்ச வெக்கிறாங்க. பக்கத்துல பாத்தாவது எழுதிக்கினு வரக்கூடாதா? முப்பத்திரெண்டு! ஃபெயிலு!"

இந்திராணிக்கு ஏற்கெனவே நாளைய கவலை. ஆந்திராவிலுள்ள ஸ்ரீ சிட்டி கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தங்கை வளைகாப்புக்குப் போக வேண்டும். சூப்பர்வைசருக்குத் தமிழ் வராது. 'அம்மாவுக்கு ஜுரம்' என்று தெலுங்கில் போன் செய்ய வேண்டியவள், தெலுங்கு மீடியத்தில் படிக்கும் மகள் ரேகாதான்.

"பாத்துதாம்மா எழுதினேன். நாப்பத்திரெண்டு வந்துச்சு."

"அப்புறம்?"

விடைத்தாளின் அடியில் தெலுங்கில் தான் எழுதியிருந்ததை ரேகா படித்துக் காட்டினாள்: "மூணாவது கணக்கு என்னுது இல்ல சார். பத்து மார்க்கைக் கழிச்சிடுங்க."

இந்திராணி மகளின் தலையைத் தடவினாள். தடவிய கை பாதியில் நின்றது.

"ஏண்டி, அப்போ நாளைக்கு எனக்கு ஜுரம்னு நீ போன் பண்ண மாட்டியா?"